ரத்தத்தில் சீசா

எனக்கு வந்தது என்ன நோய் என்று கண்டுபிடிக்க ஏழு வாரம் ஆனது. கண்டுபிடித்த பிறகு வீட்டில் நாங்கள் அதைச் சரியாகப் புரிந்துகொள்ள இன்னும் நான்கு நாள் ஆனது. ஏழு வாரத்தைவிட அந்த நான்கு நாள்தான் மோசம். என்னைப்போல லேத்தில் நிற்பவர்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் படித்தால் உதவும் என்றுதான் எழுதுகிறேன். சில விஷயங்கள் எனக்கு முன்பின்னாகத்தான் நினைவிருக்கின்றன. மறந்ததை என் மனைவி ரெஜினாவிடமும் மகள் ஷீலாவிடமும் கேட்டுக்கொண்டேன். அவர்கள் சொல்வதும் சில இடங்களில் ஒத்துப்போகவில்லை.

என் பெயர் அந்தோணி. வயது ஐம்பத்திமூன்று. அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. நான் பெங்களூருக்கு வந்து லேத் கற்றுக்கொண்டு இருபத்திரண்டு வருஷமாக ஒரே பட்டறையில் இருந்தேன். கதவுக் கைப்பிடி, குமிழ், தாழ்ப்பாள், கீல் எல்லாம் பித்தளையில் செய்வோம். பாதி சரக்கு இங்கேயே கடைகளுக்குப் போகும், பாதி வெளிநாட்டுக்கு. வீடு ஸ்ரீராம்புரத்தில். ரெஜினா மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டில் சமையல் செய்கிறாள். ஷீலாவைக் கட்டிக்கொடுத்தது வைட்ஃபீல்டில். தலைப்பிரசவத்துக்கு ஐந்தாம் மாதமே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் முன்பு குடிப்பவன். விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது.

முதலில் வந்தது வயிற்றுவலி. ஈரத்துணியைப் பிழிவதுபோல உள்ளே முறுக்கும். பத்து நிமிஷம் முறுக்கிவிட்டு விட்டுவிடும், பிறகு மறுபடி. லேத்தின் ஓரத்தில் வயிற்றை அழுத்திக்கொண்டு குனிந்து நின்றால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். நான்கு நாளுக்கு ஒருமுறைகூட வெளிக்குப் போகவில்லை. வாயில் எந்நேரமும் பழைய காசைச் சப்பியதுபோல ஒரு ருசி. தெருமுனை கிளினிக்கில் கேஸ் என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை. வாய்வழியாகக் குழாய்விட்டுப் பார்த்தார்கள், குடல் லேசாகச் சிவந்திருக்கிறது என்றார்கள். அதற்கும் மாத்திரை.

இதற்கிடையில் நான் வேறு ஆளாக மாறிக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தெரியவில்லை. தினமும் இறங்குகிற பஸ் ஸ்டாப்பை விட்டுவிட்டு எங்கேயோ இறங்கி, எந்த இடம் என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். சாப்பிட்டு முடித்த அரை மணியில் "சாப்பாடு போடலையா?" என்று கேட்டிருக்கிறேன். ஒரு நாள் ஷீலா டி.வி. சத்தத்தைக் கூட்டினாள் என்று தட்டை வீசி அடித்தேனாம். அது எனக்கு நினைவே இல்லை. கையில் பிடித்த டம்ளர் நழுவும். வேலை முடிந்து வந்ததும் ரெஜினா என் பக்கத்தில் வந்து சட்டையை வாங்குவாள். அன்பாகத்தான் வாங்குகிறாள் என்று நினைத்தேன். மோந்து பார்த்திருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஏழாவது வாரம் வலி தாங்காமல் பட்டறையிலேயே சுருண்டு விழுந்தேன். பக்கத்து நர்சிங் ஹோமில் அப்பெண்டிக்ஸ் என்று சொல்லி ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அன்று காலை வயதான சர்ஜன் ஒருவர் வந்து வயிற்றை அமுக்கினார். நான் அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன்.

"அமுக்குனா வலிக்குதா, குறையுதா?"

"குறையுது சார். இன்னும் கொஞ்சம் அமுக்குங்க."

அவர் கையை எடுத்துவிட்டார். அப்பெண்டிக்ஸ் என்றால் அமுக்கும்போது துள்ளிக் குதிக்க வேண்டுமாம். ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். இருக்க வேண்டியதில் பாதி ரத்தம்தான் இருந்தது. "இது கத்தி வைக்கிற கேஸ் இல்ல. வேற என்னமோ" என்று சொல்லி அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

அரசு ஆஸ்பத்திரியில் பொது வார்டு. என் கட்டிலுக்கு வந்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. கன்னடம்தான் பேசுவார். அவர் பேசியதைப் பெரும்பாலும் தமிழிலேயே எழுதுகிறேன்.

"என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார்.

ஏழு வாரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் டாக்டர் அவர்தான். பித்தளை வேலை என்றேன். உதட்டைக் கீழே இழுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் மெல்லிசாக ஒரு நீலக்கோடு இருந்ததாம். தினமும் பல் விளக்குகிறேன், நான் பார்த்ததில்லை. ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது சிவப்பணுக்களுக்குள் நீலப்புள்ளிகள் தெரிந்தனவாம். இன்னொரு ரத்தப் பரிசோதனை வெளியே அனுப்ப வேண்டும், மூன்று நாள் ஆகும் என்றார். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. டிரிப்ஸ் ஏறியது, தூங்கிவிட்டேன்.

ரிசல்ட் வந்த நேரத்திலும் நான் தூக்கத்தில்தான் இருந்தேன். டாக்டரம்மா வராண்டாவில் ரெஜினாவிடம் சொல்லியிருக்கிறார்: "நிம்ம எஜமானர ரக்ததல்லி சீச தும்பா ஜாஸ்தி இதெ அம்மா."

ரெஜினாவுக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். காய்கறிக் கடையில், பஸ்ஸில், வேலை செய்கிற வீட்டில் எல்லாம் அதில்தான் பேசுவாள். ஆனால் கடையிலும் பஸ்ஸிலும் யாரும் 'சீச' என்று பேசுவதில்லை. எங்கள் வீட்டில் சீசா என்றால் பாட்டில். நான் குடித்த காலத்தில் கட்டிலுக்கடியில் அவள் பொறுக்கியெடுத்த பாட்டில்கள் எல்லாம் சீசாதான். உங்கள் வீட்டுக்காரர் ரத்தத்தில் சீசா அதிகம் என்று டாக்டரே சொன்னால் அவள் வேறு என்ன நினைப்பாள்? அவள் ஒன்றும் கேட்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் டிபன் கேரியரை ஸ்டூல்மேல் வைத்தாள், என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். மறுநாள் வரவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஷீலாதான் மாடி ஏறி வந்தாள்.

"மம்மி எங்க?"

"வேலை இருக்குதாம் டாடி." அவளும் என்னைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் ரெஜினா வந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் குளிக்கப் போகும்வரை காத்திருந்தாள். எப்போதும் என்னை 'நீங்க' என்றுதான் பேசுவாள்.

"யாரோட குடிச்ச?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"இன்னா கேக்கற?"

"நடிக்காத. டாக்டரே சொல்ட்டாங்க. ரத்தத்துலயே சீசா இருக்குதாம். பொண்ணு வயித்துப்புள்ளையோட வூட்ல இருக்கறா. எப்போலர்ந்து?"

"ரெஜினா, சத்தியமா நான் தொடல. மாதா மேல ஆணையா."

"ஸ்டாப் மாறி எறங்குன. தட்டத் தூக்கி அடிச்ச. கை நடுங்குது. இதெல்லாம் நான் பாக்காததா? முன்னாடி இருந்ததுக்கும் இப்ப இருக்கறதுக்கும் இன்னா வித்தியாசம், சொல்லு?"

அவள் போன பிறகு படுத்துக்கொண்டு யோசித்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், அல்லது பயப்படுவீர்கள். நான் குடித்திருப்பேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தட்டை வீசியதே நினைவில்லாதவனுக்கு, ஒரு கடைக்குள் போய்விட்டு வந்தது மட்டும் நினைவிருக்குமா? ஏதோ ஒரு ஸ்டாப்பில் இறங்கினேனே, அங்கே என்ன செய்தேன்? யோசிக்க யோசிக்க ஒரு கடை வாசலும் கண்ணில் தெரிய ஆரம்பித்தது. அது ஒன்பது வருஷத்துக்கு முந்தைய கடையா போன மாதத்துக் கடையா என்று சொல்லத் தெரியவில்லை. வயிற்றுவலியைக்கூடத் தாங்கிக்கொண்டேன். என்னை நானே நம்ப முடியாமல் கிடந்த அந்த ஒரு நாளை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

நான்காம் நாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்: "மேடம், குடிச்சதே ஞாபகம் இல்லாம ஒரு மனுஷன் குடிக்க முடியுமா?"

"யார் குடிச்சது?"

"நான்தான். ரத்தத்துல சீசா இருக்குன்னு நீங்க சொன்னீங்களாமே."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "அய்யோ, அந்த சீசா இல்ல! சீச. லெட்!" என்றார்.

லெட் என்றால் எனக்குத் தெரிந்தது பென்சிலுக்குள் இருப்பது. அளவு குறிக்கிற பென்சில் எப்போதும் என் காதில் இருக்கும், முனையை நாக்கில் தொட்டுத்தான் கோடு போடுவேன். "பென்சில் வாய்ல வெச்சதுக்கா இவ்ளோ?" என்று கேட்டேன். டாக்டரம்மாவுக்குத் தமிழும் அவ்வளவாக வராது, பொறுமையும் தீர்ந்துபோனது. ஆம்பூர்ப் பக்கத்து நர்ஸ் ஒருவர் அங்கே இருந்தார். அவர்தான் சொன்னார்.

"அண்ணா, பென்சில்ல இருக்கறது வெறும் கரிதான். இவங்க சொல்றது ஈயம். காரீயம். பேட்டரில இருக்குமே, கனமா, அது. உங்க ரத்தத்துல எழுவத்தொண்ணு இருக்குது."

"எதுல எழுவத்தொண்ணு?"

"இருக்கவே கூடாதுண்ணா. அப்டி வெச்சுக்கங்க."

உடனே வீட்டுக்குப் போன் போட்டேன். ஷீலா எடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மம்மி, டாடி குடிக்கலியாம். ஈயமாம்" என்று கத்தினாள்.

ஒரு மணி நேரத்தில் ரெஜினா வந்துவிட்டாள். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருள். நேராக டாக்டரம்மாவின் மேஜைக்குப் போய் அதைப் பிரித்து வைத்தாள். ஈயச்சொம்பு. மல்லேஸ்வரத்து வீட்டம்மா பழசு என்று கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ரசம் வைத்தால் எனக்குப் பிடிக்கும்.

"நான்தான் இவருக்கு விஷம் வெச்சிட்டனா மேடம்?" என்று கேட்டாள். நேற்றுவரை என்னைக் குற்றவாளி ஆக்கியவள், இன்று அந்த இடத்தில் தானே போய் நின்றுகொண்டாள்.

டாக்டரம்மா சொம்பைத் திருப்பிப் பார்த்தார். நர்ஸை வைத்துத்தான் பேசினார். நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்வது, அது வேறு உலோகம், ஆனால் கடையில் விற்கிற சிலதில் காரீயமும் கலந்திருக்கும், பரிசோதிக்காமல் சொல்ல முடியாது, இனி அதில் சமைக்க வேண்டாம் என்றார்.

"இந்த ரசத்தை நீங்களும் குடிச்சீங்கதானே?"

"குடிச்சேன்."

"வயிறு வலிச்சுதா?"

"இல்ல."

"அப்போ இது மட்டும் காரணமா இருக்காது. வேலை செய்ற இடத்தைத்தான் நான் சந்தேகப்படறேன்."

ரெஜினா என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். "ஒம்பது வருஷம் நம்புனேங்க. நாலு நாள் நம்பல" என்றாள். மறுபடி 'ங்க' வந்துவிட்டது. நானும் என்னை நம்பவில்லை என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அவள் டிபனைத் திறந்து ஊட்டிவிட்டாள். கை சரியாக இல்லாததால்தான் என்று வார்டில் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

வேலை செய்கிற இடம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பித்தளையில் செம்பும் துத்தநாகமும்தானே, ஈயம் எங்கிருந்து வந்தது என்று வாதாடினேன். இருபத்திரண்டு வருஷம் பித்தளை சீவியவனுக்குப் பித்தளை தெரியாதா?

இரண்டு நாள் கழித்து என் லீவுக்கான பேப்பரில் கையெழுத்து வாங்க ஷீலா பட்டறைக்குப் போனாள். ஓனர் வெளியே போயிருந்ததால் பேக்கிங் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். எதிரே ஏற்றுமதிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மஞ்சள் முக்கோணத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி, அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஆங்கிலம். அந்த ஸ்டிக்கரை நானே ஒட்டியிருக்கிறேன், சனிக்கிழமை பேக்கிங்குக்கு ஆள் குறைந்தால் ஒட்டச் சொல்வார்கள். ஜாக்கிரதையாக இறக்கு என்று போட்டிருக்கும் என்று நினைத்தே ஒட்டினேன். உள்ளூர்க் கடைக்குப் போகிற பெட்டியில் அது கிடையாது. கைப்பிடி என்னவோ ஒன்றுதான்.

ஷீலா அதைப் போனில் படம் எடுத்துவந்து என் கட்டிலில் உட்கார்ந்து வாசித்தாள். முதல் வரியை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னாள்.

"இந்தப் பொருள்ல லெட் இருக்குது டாடி. கேன்சர் வரலாம்னு போட்டிருக்குது. அப்புறம், பொறக்கப்போற குழந்தைக்கு..." அங்கே நிறுத்திவிட்டாள். கை வயிற்றுக்குப் போனது.

"முழுசா படி."

"தொட்டா கை கழுவணுமாம். அவ்ளோதான்."

வாங்கி வீட்டில் மாட்டுகிறவனுக்குத் தொட்டால் கை கழுவச் சொல்கிறது. நாங்கள் அதன் பொடியிலேயே நின்று, அந்தக் கையாலேயே சாதம் பிசைந்து தின்றோம். டாக்டரம்மாவிடம் படத்தைக் காட்டியபோது விளக்கினார். சுலபமாகச் சீவ வருவதற்காகப் பித்தளையில் கொஞ்சம் ஈயம் சேர்ப்பார்களாம். அதனால்தான் சீவல் சுருளாக வராமல் பொடிப்பொடியாக உதிர்கிறது. நல்ல பித்தளை என்று நாங்கள் மெச்சிய குணமே அதுதான்! போன வருஷம் சீவலை உருக்க என் லேத்துக்குப் பின்னால் ஓர் உலை போட்டார்கள். அந்தப் புகையைப் பற்றிச் சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"வேலைக்குப் போட்டுட்டுப் போற துணியை வீட்ல யார் துவைக்கிறது?"

நானும் ரெஜினாவும் ஒரே நேரத்தில் ஷீலாவைப் பார்த்தோம். மம்மி பாவம் என்று வந்த நாளிலிருந்து அவள்தான் துவைத்தாள். துவைப்பதற்கு முன் சட்டையை உதறுவாள்.

அவள் ரத்தத்தையும் அனுப்பினார்கள். எனக்கு எழுபத்தொன்று என்றபோது புரியாமல் இருந்த எண், அவளுக்கு எவ்வளவு வரும் என்று காத்திருந்தபோது நன்றாகப் புரிந்தது. பதினொன்று வந்தது. என்னோடு ஒப்பிட்டால் குறைவு, கர்ப்பிணிக்கு அதிகம். அந்த அளவுக்கு மருந்து கொடுக்க மாட்டார்களாம். கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, பொடி ஒட்டியிருக்கிற எதன் பக்கத்திலும் போகக்கூடாது, அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். "குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதில்ல மேடம்?" என்று ஷீலா கேட்டாள். பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார் டாக்டரம்மா. ரெஜினா வீட்டைக் கழுவினாள். வீடு முழுவதும், சுவர் உட்பட, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து. என் வேலைத்துணிகளை மூட்டை கட்டி வெளியே போட்டுவிட்டாள்.

எனக்குக் கொடுத்தது ரத்தத்தில் உள்ள ஈயத்தைக் கவ்விக்கொண்டு சிறுநீரில் இறங்குகிற மருந்து. ஐந்து நாள் ஊசி, பிறகு மாத்திரை. இரண்டாம் நாளே வயிறு முறுக்குவது நின்றது. மனசு தெளிய அதைவிட நாளானது.

ஓனர் ஒரு நாள் வந்தார். பழப்பையை வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். கோபமாகக் கேட்க வேண்டும் என்று ஷீலா சொல்லிக்கொடுத்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. ஸ்டிக்கரைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"அது வெளிநாட்டு பையர் அனுப்பினது அந்தோணி. பிரிண்ட் போட்டு ஒட்டுன்னாங்க, ஒட்டினேன். அவங்க ஊரு ரூல்ஸ்னு நெனச்சேன்."

"நீங்க படிச்சீங்களா சார்?"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து, "அந்த நீலக்கோடுன்னாங்களே, எங்க இருக்கும்? எனக்கு இருக்கா, கொஞ்சம் பாரு" என்று உதட்டை இழுத்துக் காட்டினார். உலைக்குப் பத்தடியில்தான் அவர் மேஜை. நான் பார்த்தேன். வெற்றிலைக் கறைதான் தெரிந்தது. அடியில் என்ன இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? "டாக்டர்கிட்ட காட்டுங்க சார். எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்றேன். பட்டறையில் பதினான்கு பேர். அவர் கூட்டி வந்தது ஆறு பேரை. மற்றவர்கள் வேலை போய்விடுமோ என்று வரவில்லை. ஆறு பேருக்கும் ஈயம் இருந்தது. உலையை எடுத்துவிட்டார்கள், முகத்துக்கு மாஸ்க் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் திரும்பப் போகவில்லை. இப்போது ஓர் அபார்ட்மெண்டில் லிஃப்ட் பார்க்கிற வேலை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் மறுபடி பார்த்தால் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. பட்டறைப் பக்கமே போகவில்லையே என்று குழம்பினேன். அது எலும்பில் போய்த் தங்கியிருக்குமாம், ரத்தம் சுத்தமானதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருமாம். இன்னொரு சுற்று மருந்து. பிறகு குறைந்தது. முழுவதும் போக வருஷக்கணக்காகும். இன்றைக்கும் சில பெயர்கள் நாக்கில் வந்து நிற்கும், விழாது.

ஷீலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் எடை குறைவு. குரல் மட்டும் வார்டுக்கே கேட்டது. எட்டாம் மாதம் தானாக உட்கார்ந்தது. உட்காரும்வரை ஒவ்வொரு நாளும் ஷீலா போனில் எதையோ தேடிப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் பிறந்தநாள் முடிந்த வாரம் குழந்தையின் ரத்தத்தைச் சோதித்தோம். ரிசல்ட் வாங்க உள்ளே வர ஷீலா மாட்டேன் என்றுவிட்டாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரெஜினாவோடு வராண்டாவிலேயே நின்றாள். நான் மட்டும் போனேன்.

அதே டாக்டரம்மாதான். பேப்பரைப் பார்த்து, "மூணு" என்றார்.

"நல்லதா மேடம்?"

"நல்லதுன்னு வெச்சுக்கலாம். பூஜ்யமா இருந்தா நல்லா இருந்திருக்கும். கீரை, முட்டை, பால் நிறையக் கொடுங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்."

வெளியே வந்தேன். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"எவ்ளோ டாடி?"

"மூணு. கீரை, முட்டை, பால் நெறைய குடுக்கணுமாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி வரணும்."

"மூணுன்னா நல்லதா?"

"நல்லதும்மா" என்றேன்.

ஷீலா அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள். குழந்தை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது. டாக்டரம்மா சொன்னதில் 'வெச்சுக்கலாம்' என்கிற சொல்லையும் அந்தப் பூஜ்யத்தையும் நான் விட்டுவிட்டேன். இதைப் படிக்கும்போதுதான் அவளுக்குத் தெரியும்.